காப்பர் அயோடைடும் காமாலையும்

தராசில் எண் நிற்க மாட்டேன் என்கிறது. நாலு புள்ளி ஒன்பது எட்டு, ஒன்பது ஒன்பது, மறுபடியும் எட்டு. கண்ணாடிக் கதவைச் சாத்தித்தான் வைத்திருக்கிறேன், மின்விசிறியையும் அணைத்தாயிற்று, பிறகு என்ன, என் மூச்சுதான் போலிருக்கிறது. கொஞ்சம் தள்ளி நின்றேன். ஐந்து கிராம் காப்பர் அயோடைடு. வெள்ளையாக இருக்க வேண்டியது கோதுமை மாவு நிறத்துக்கு வந்திருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் இதிலிருந்து அயோடின் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும், வந்ததும் பழுக்கும். நான் போகும்போது புட்டியை அலுமினியத் தாளில் சுற்றி வைத்துவிட்டுப் போகவில்லை. வேறு எதையுமே ஒழுங்காக வைத்துவிட்டுப் போகவில்லை, புதன்கிழமை சாயங்காலம் நாளைக்கு வருகிறவள் மாதிரி மேலங்கியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன், இருபத்திரண்டு நாள் கழித்து இன்றைக்குக் காலையில் வந்து பார்க்கும்போது அது அதே ஆணியில் அதே மடிப்போடு தொங்கிக்கொண்டிருந்தது. பையில் கைவிட்டால் ஒரு ஏலக்காய். வாந்தி வராமல் இருக்க அப்போது வாயில் போட்டுக்கொள்வது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு வாயில் போட்டுக் கடித்தேன், பிறகுதான் லேபில் எதையும் தின்னக் கூடாதே என்று ஞாபகம் வந்தது, இனி தின்றால் என்ன என்றும் வந்தது. ஐந்து புள்ளி பூஜ்யம் பூஜ்யம். நின்றுவிட்டது. எடுத்துவிடு, மறுபடி மாறுவதற்குள் எடுத்துவிடு.

செய்ய வேண்டிய வேலை சின்ன வேலைதான், முதல் வருஷத்தில் கற்றுக்கொண்டது. பொட்டாசியம் அயோடைடைத் திகட்டத் திகட்டக் கரைத்த தண்ணீரைச் சூடாக்கி, அதில் இந்தப் பழுத்த பொடியைப் போட்டால் கரையும். வெறும் தண்ணீரில் எத்தனை கொதிக்க வைத்தாலும் கரையாது. கரைந்ததும் அழுக்கை வடிகட்டிவிட்டு, ஒரு பெரிய பீக்கர் நிறையக் குளிர்ந்த தண்ணீரில் ஊற்றினால் சுத்தமான காப்பர் அயோடைடு வெள்ளையாகத் திரண்டு அடியில் உட்காரும். கழுவி, உலர்த்தி, வெளிச்சம் படாமல் வைத்தால் மறுபடியும் கண்ணாடித் துண்டுகளின் மேல் மெல்லிய படலமாகப் பூசலாம், அந்தப் படலத்தின் வழியே மின்சாரமும் போகும், பின்பக்கம் வைத்த எழுத்தும் தெரியும். சூரிய மின்கலத்துக்கு அதுதான் வேண்டும். எதிரே ஆர்கானிக் லேபில் இதே பொடியைச் சிட்டிகை அளவு போட்டு இரண்டு மூலக்கூறுகளை ஒட்ட வைக்கிறார்கள், அவ்வப்போது வந்து ஒரு சின்னக் கரண்டி கடன் கேட்பார்கள். சாதுவான பொருள். இது சாது என்றுதானே நான் இதைக் கேட்டு வாங்கினேன். ஹாட் பிளேட்டில் வைத்தாயிற்று, உள்ளே காந்தத் துண்டு சுற்ற ஆரம்பித்துவிட்டது, இனி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நிற்காமல் உட்கார் என்றது இடுப்பு. ஸ்டூலை இழுத்துப் போட்டேன். காமாலை வந்தவள் உட்காரலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

காமாலை. காலையில் கேட்டில் வாட்ச்மேன் முதலில் கேட்டார், "காமாலை சரியாப் போச்சாம்மா? கீழாநெல்லி அரைச்சு மோர்ல கலக்கிக் குடிச்சியா?" அலுவலகத்தில் ரோஸ்லின் அக்கா, "எண்ணெய் மட்டும் தொடாத உமையா, ஆறு மாசத்துக்குத் தொடாத, எங்க சித்தப்பா ஒரே ஒரு வடை தின்னாரு, திரும்ப வந்துருச்சு" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். என் கைடு பானுமதி மேடம் தன் அறையில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் கீழிமையை விரலால் இழுத்தே பார்த்தார். "மஞ்சள் போயிடுச்சு. ஆனா வெளுத்துப் போயிருக்கே. ரத்தம் டெஸ்ட் பண்ணினியா?" பண்ணினேன் மேடம் என்றேன். பொய் இல்லை. ஆஸ்பத்திரியில் நாலு தடவை எடுத்தார்கள். காமாலை என்று சொல்லச் சொன்னது நான்தான். கட்டிலில் படுத்திருக்கிறேன், கதிரேசன் கையில் போனோடு வந்து நிற்கிறார், மேடம் அழைக்கிறார்கள், என்ன சொல்லட்டும் என்று வாயை அசைத்துக் கேட்கிறார். "காமாலைன்னு சொல்லுங்க." ஏன் காமாலை என்று இன்றைக்கும் தெரியவில்லை, காய்ச்சல் என்றால் நாலு நாள்தான் கிடைக்கும் என்று தோன்றியிருக்கலாம், அந்த நேரத்தில்கூட மனசு கணக்குப் போட்டிருக்கிறது. அவர் வராந்தாவுக்குப் போய், "ஆமாங்க மேடம், மஞ்சள்காமாலை, கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அதிகமாத்தான் இருக்கு என்னும்போது அவர் குரல் உடைந்தது. மேடம் என்ன நினைத்திருப்பார், காமாலைக்கு இப்படி அழுகிற புருஷனா என்று நினைத்திருப்பார்.

சொல்லாத ஒன்றை இல்லையென்று எப்படிச் சொல்வது? அங்கேதான் போய்ப் போய்ச் சிக்கிக்கொள்கிறேன். அம்மா புதுக்கோட்டையிலிருந்து போனில், "மூணு மாசம் முடியிற வரைக்கும் யாருகிட்டயும் வாயைத் திறக்காத, கண்ணு பட்டுரும்" என்றாள். நானும் திறக்கவில்லை. கண் பட யாருக்கும் தெரியவே தெரியாது, எனக்கும் கதிரேசனுக்கும் இரண்டு வீட்டுக்கும் தவிர. பதினோரு வாரம். யாருக்கும் தெரியாமல் வந்தது யாருக்கும் தெரியாமல் போயிற்று. இப்போது ரோஸ்லின் அக்காவிடம் போய், அக்கா எனக்கு ஒரு குழந்தை இருந்தது என்று ஆரம்பித்தால், எப்போ, ஏன் சொல்லலை என்றுதான் முதலில் கேட்பார். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் சொல்ல வந்தது ஆறிப்போகும். பெயர் இல்லை, போட்டோ இல்லை, ஸ்கேன் தாள் ஒன்று, அதிலும் ஒரு அவரைக்கொட்டை அளவு நிழல். நிழல் என்றுகூடச் சொல்ல முடியாது, கறுப்புக்கு நடுவே கொஞ்சம் வெள்ளை. கொதி வரப் பார்க்கிறது, குறைக்க வேண்டும். நிறம் இறங்கிவிட்டது, தேநீர் டிகாஷன் போல. கரையட்டும். அயோடின் வாசனை லேசாக வருகிறது, ஆஸ்பத்திரியில் தையலுக்கு முன் தடவுவார்களே அந்த வாசனை. புகை உறிஞ்சும் ஹூட்டின் கண்ணாடியை இன்னும் கீழே இறக்கினேன்.

இதற்கு முன் என் வேலை லெட் அயோடைடு. அது மஞ்சள், காரீயம், பொன்தூள் மாதிரி மின்னும், பார்க்க அத்தனை அழகு. மூன்று வருஷம் அதில்தான் இருந்தேன். எப்போதும் கையுறை பொருத்திய கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டுத்தான் செய்வோம், வெளியே எடுக்கும்போது இரட்டைக் கையுறை. ஜூலை நாலாம் தேதி குச்சியில் இரண்டாவது கோடு வந்தது, ஏழாம் தேதியே மேடம் முன்னால் போய் நின்றேன். "மேடம், காரீயம் எனக்கு ஒத்துக்கல, தோல்ல தடிப்பு வருது. காப்பர் அயோடைடு படலத்தை நான் எடுத்துக்கறேனே." மேடம் நிமிர்ந்து பார்த்தார். சேர்ந்த அன்றே சொன்னவர் அவர்: "கல்யாணமானவங்கள எடுக்க நான் ரொம்ப யோசிப்பேன். நானெல்லாம் பிரசவத்துக்கு முதல் நாள் வரைக்கும் லேபுல நின்னேன், நாப்பதாம் நாள் திரும்ப வந்துட்டேன்." அந்த நாற்பதைச் சொல்லும்போது குரலில் ஒரு பெருமை, அதற்கு அடியில் ஏதோ ஒன்று, அது என்னவென்று நான் அப்போது யோசிக்கவில்லை. அன்றைக்கு ஒன்றும் கேட்காமல், "சரி, எடுத்துக்கோ" என்றார். ஆக, நாலாம் தேதிக்குப் பிறகு நான் காரீயத்தைத் தொடவில்லை. அதற்கு முன்னால்? அதற்கு முன்னால் ஒரு நாள் கையுறையில் ஊசிமுனை அளவு ஓட்டை. கழற்றினால் மோதிரவிரலின் பக்கவாட்டில் மஞ்சள் தீற்றல். கழுவினேன். சோப்புப் போட்டு மூன்று முறை கழுவினேன். அது எந்தத் தேதி? ஜூன் பத்தொன்பதா, இருபத்தாறா, அதற்கும் முந்திய வாரமா? என் நோட்டில் இருக்கும், எந்த நாளில் என்ன செய்தேன் என்று எல்லாம் இருக்கும், ஆனால் இந்த இருபத்திரண்டு நாளும் அந்த நோட்டைப் பற்றி யாரிடமும் கேட்கப் பயந்தேன். காலையில் வந்ததும் மேஜையில் அது இல்லை என்று பார்த்தேன். தேடவில்லை. நிம்மதியாகக்கூட இருந்தது.

டாக்டரம்மா நல்லவர். கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து, "உன்னால இல்லம்மா. கரு சரியா உருவாகலைன்னா உடம்பே நிறுத்திரும். நிறையப் பேருக்கு நடக்கறதுதான், வெளிய சொல்றதில்ல" என்றார். நான் அவரிடம் காரீயத்தைப் பற்றிக் கேட்டேன். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவர் தாமதித்தார். "அந்த அளவுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்றார் பிறகு. அந்த நொடியில்தான் நான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன். யோசித்தாரா, எச்சில் விழுங்கினாரா, பக்கத்துக் கட்டிலை ஒரு கண் பார்த்துக்கொண்டாரா? நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஒரே ஒரு சாம்பிளை வைத்துக்கொண்டு காரணம் சொல்லாதே, ஒப்பிட இன்னொன்று வேண்டும், குறைந்தது மூன்று வேண்டும் என்று. எனக்கு இருந்தது ஒன்றுதான். தீற்றல் படாத விரலோடு, இதே நான், இதே மாதம், இன்னொரு தடவை இருந்து பார்க்க வழியில்லை. அத்தை, கதிரேசனுடைய அம்மா, எதையும் குத்திச் சொல்கிறவர் இல்லை. ரசம் ஊற்றும்போது, "அந்த வேலைக்குத் திரும்பிப் போயே ஆகணுமா?" என்று மட்டும் கேட்டார், பதிலுக்குக் காத்திருக்காமல் அப்பளத்தை வைத்துவிட்டுப் போனார். அப்பளம் நமுத்துப்போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

 கதிரேசனுக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, தினம் என்னைக் கேட்டில் இறக்கிவிட்டுப் போவார். கடைத்தெரு வழியாக வந்தால் வேகத்தடை ஒன்பது, சுற்றிக்கொண்டு பெரிய சாலை வழியாக வந்தால் இரண்டு. ஜூலையிலிருந்து சுற்றித்தான் வந்தோம். அந்த இரண்டிலும் வண்டியைக் கிட்டத்தட்ட நிறுத்தி, கால் இரண்டையும் தரையில் ஊன்றி, பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறவர்களைச் சட்டை செய்யாமல், தூக்கி வைப்பது மாதிரி முன்சக்கரத்தை ஏற்றி, இறக்கி, பிறகு பின்சக்கரத்தை. "மாட்டு வண்டியே தேவலாம்" என்பேன். "பேசாம வா" என்பார். இன்றைக்குக் காலையில் கடைத்தெரு வழியாக வந்தார். முதல் வேகத்தடையில் வண்டி எப்போதும்போல் தூக்கிப் போட்டது. நான் அவர் தோளைப் பிடித்தேன். அவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும், முதுகு விறைத்தது, இரண்டாவதில் வேகத்தைக் குறைத்தார், ரொம்பக் குறைத்தார், தேவைக்கு மேல் குறைத்தார், மூன்றாவதில் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஒன்பதும் அப்படியே கடந்தோம், ஒன்று வேகமாக, ஒன்று மெதுவாக. கேட்டில் இறங்கியதும், "சாப்பாட்டு டப்பா எடுத்துக்கிட்டியா?" என்றார். எடுத்துக்கொண்டேன் என்றேன். 

கரைந்துவிட்டது. சூடாகவே வடிகட்ட வேண்டும், ஆறினால் புனலிலேயே உறைந்துவிடும். கைக்குத் துணி சுற்றிக்கொண்டு ஊற்றினேன், தாளில் பழுப்பு தங்கிற்று, கீழே தெளிந்த மஞ்சளாக இறங்கியது. இது முடிந்து பெரிய பீக்கரில் ஊற்றலாம் என்று தண்ணீர் பிடிக்கத் திரும்பும்போது கதவு திறந்தது. லூர்து சார். பத்து வருஷம் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு நாற்பது வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவர், படிப்பில் எனக்கு ஜூனியர், வயதில் அண்ணன் மாதிரி. கையில் என் நோட்டு. பச்சை அட்டை, முனையில் அசிட்டோன் பட்டு வெளுத்தது, வேறு யாருடையதாகவும் இருக்க முடியாது.

"வந்துட்டீங்களாம்மா? இப்பத்தான் ரோஸ்லின் சொன்னாங்க. உடம்பு எப்படி?"

"பரவாயில்ல சார்."

"இதை நான்தான் எடுத்து வச்சிருந்தேன். கேக்காம எடுத்துட்டேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க பன்னெண்டாம் தேதி போட்ட படலம் ஆறு இருந்துச்சில்ல, நாள்பட்டா தாங்குதான்னு பாக்கறதுக்கு? ரெண்டு நாள்தான் ரீடிங் எடுத்திருந்தீங்க. நடுவுல விட்டுப்போனா முழுக்க வீணாயிரும், திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அதான் நான் தினம் எடுத்து எழுதிட்டேன். ஞாயித்துக்கிழமையும் வந்தேன். எதுவும் விட்டுப்போகல."

நோட்டைப் பிரித்தே என் முன்னால் நீட்டினார். பன்னிரண்டு, பதின்மூன்று என் கையெழுத்து. பதினாலிலிருந்து அவருடையது, ஆசிரியர்கள் எழுதுகிற மாதிரி உருண்டை உருண்டையாக. தேதி, நேரம், மின்தடை. ஆகஸ்ட் பதினாலு, வியாழன், காலை பதினொன்று இருபது, நானூற்றுப் பதினெட்டு ஓம். பதினொன்று இருபது. அந்த நேரத்துக்கு நான் ஸ்கேன் அறையில் இருந்தேன். வயிற்றில் அந்தக் குளிர்ந்த பசை. போன தடவை திரையை என் பக்கம் திருப்பி, பாரு துடிக்குது என்று காட்டிய அதே பெண், அன்றைக்குத் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.  சுவரில் கடிகாரம் இருந்தது, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்து, நானூற்றுப் பதினேழு. பதினாறு, நானூற்றுப் பத்தொன்பது. உள்ளே எல்லாவற்றையும் சுத்தம் செய்தார்கள். பதினேழு, நானூற்றுப் பதினெட்டு. என் நாட்கள் எல்லாம் இங்கே இருந்திருக்கின்றன, வரிசையாக, ஒன்றுகூட விடாமல், யாரோ ஒருவர் சாப்பிட்டுவிட்டு வந்து பொறுமையாக எழுதியிருக்கிறார். பக்கங்களைப் பின்னால் புரட்டினேன். என் கைதான் புரட்டியது, நான் வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆகஸ்ட், ஜூலை, ஜூன். ஜூன் பத்தொன்பது, வியாழன். 'லெட் அயோடைடு கரைசல், நாலு துண்டு. கையுறை மாற்றப்பட்டது.' அவ்வளவுதான். பத்தொன்பது. விரல்விட்டு எண்ணினேன். கரு உருவாகி ஒரு வாரம் இருக்கும், கருப்பையில் ஒட்டியிருக்கலாம், ஒட்டாமலும் இருந்திருக்கலாம், பத்தொன்பதா இருபதா என்று யாரும் சொல்ல முடியாது, டாக்டரம்மாவாலும் முடியாது. இதற்காகவா இத்தனை நாள் பயந்தேன்? குற்றவாளி என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. நாலு துண்டு என்றிருக்கிறது. கையெழுத்து நன்றாக இருக்கிறது. அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்திருப்பேன் போலிருக்கிறது.

"ஏம்மா, ஏதாச்சும் தப்பா எழுதிட்டேனா?"

"இல்ல சார். சரியா இருக்கு."

சொல்லிவிட்டு வடிகட்டியதை எடுத்தேன். பெரிய பீக்கர் தண்ணீரில் ஊற்ற ஆரம்பித்தேன். விழுந்த இடத்திலிருந்து வெள்ளை கிளம்பிப் பரவியது, பொடிப் பொடியாக, பால் திரிகிற மாதிரி, கலங்கிக் கலங்கிக் கீழே இறங்கியது. இது எத்தனை தடவை பார்த்தது, ஒவ்வொரு தடவையும் பிடிக்கும். லூர்து சாரும் பக்கத்தில் நின்று பார்த்தார். "நல்லா வந்துருக்கு" என்றார். பாதிக்கு மேல் என்னால் ஊற்ற முடியவில்லை. கை அந்தரத்தில் நின்றது.

"சார், எனக்குக் காமாலை இல்ல."

அவர் என்னைப் பார்த்தார்.

"பதினோரு வாரம் சார். பதினாலாம் தேதி போயிருச்சு. யாருகிட்டயும் சொல்லல. இருந்ததையே சொல்லல."

சொன்னது என் குரல்தானா என்று இருந்தது. இவ்வளவுதானா, நாலு வாக்கியம்தானா?  எல்லாருக்கும் நடக்கிறதுதான் என்று அவர் சொல்லவில்லை, சின்ன வயசுதானே என்று சொல்லவில்லை. "கை சுடும்மா, குடுங்க" என்று என் கையிலிருந்து பீக்கரை வாங்கினார். மீதியை அவரே ஊற்றினார், கடைசிச் சொட்டு வரை, சிந்தாமல். ஹாட் பிளேட்டை அணைத்தார். ஸ்டூலை என் பின்னால் நகர்த்தினார். பிறகு நோட்டைப் பார்த்தார், அந்தப் பதினாலாம் தேதியை அவர் கண் தேடுவது தெரிந்தது. "நான் பாட்டுக்கு இங்க..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

உட்கார்ந்தேன். இருபத்திரண்டு நாளும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதவள் நான். இங்கே திறக்க ஒன்றும் இல்லை, ஹூட் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் சத்தம் வரவில்லை, பிறகு வந்தது, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், யாருடையதோ போல, அடிவயிற்றிலிருந்து, வந்துகொண்டே இருந்தது. நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை. வராந்தாவில் செருப்புச் சத்தம். குதிகால் தேய்த்துத் தேய்த்து நடப்பது, பானுமதி மேடம்தான்.

"என்ன லூர்து, வெளிய நிக்கறீங்க? உள்ள உமையாள் இருக்காளா?"

"இருக்காங்க மேடம். கொஞ்ச நேரம் ஆகட்டும்."

"ஏன், ரியாக்‌ஷன் ஏதும் ஓடுதா?"

"இல்ல மேடம். அழறாங்க."

செருப்புச் சத்தம் திரும்பிப் போகும் என்று காத்திருந்தேன். போகவில்லை. கதவும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மேடம் தணிந்த குரலில் யாரிடமோ, "அந்தப் பக்கமாப் போங்கப்பா, இந்த வழியில இப்ப வராதீங்க" என்று சொல்வது கேட்டது.